பதினைந்து இன்ச் டயர்

"இன்னும் அரை மணி நேரம் சார். ரெண்டு டயரையும் மாட்டிட்டா வண்டி ரெடி" என்று பட்டறைக்காரர் சதக்கத்துல்லா ஷியாமளாவின் கணவனிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

அரை மணி நேரமா! டயர் மாற்ற ஒரு வாரமாவது ஆகும் என்றல்லவா அவள் நம்பிக்கொண்டிருந்தாள்!

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் இருந்த அந்தப் பட்டறையின் நடுவே, அவன் கம்பெனியின் பழைய கேரவன் ஜாக்கி மேல் ஏறி நின்றது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு அடுப்பு, நான்கு ஜன்னல்கள். ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கம்பெனியின் தலையில் கட்டிவிட்டுப் போனது. வருஷக்கணக்காக வெயிலில் நின்றதில் அதன் இரண்டு டயர்களும் வறண்ட ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தன.

டயர்களை மாற்றிவிட்டால், நாளைச் சனிக்கிழமை காலையில் கேரவனை இழுத்துக்கொண்டு லிவா பக்கம் பாலைவனத்துக்குப் புறப்பட வேண்டியவன் அவள் கணவன் ஸ்ரீகாந்த். புது ரோடு போடுவதற்கு முன்னால் நிலத்தை அளக்கும் சர்வே வேலை. இரண்டு மாதம்.

"ஷியாமு, இங்க வந்து பாரேன்! கட்டிலை மடக்கினா சோபா! இந்தக் கதவைத் திறந்தா அலமாரி!" என்று உள்ளேயிருந்து ஸ்ரீகாந்த் கத்தினான். தீபாவளிக்குத் துப்பாக்கி வாங்கிய பையனின் குரல்.

"அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று ஷியாமளாவும் வெளியிலிருந்து கத்தினாள்.

கல்யாணமாகி நான்கு வருஷம். அதில் மூன்று வருஷம் அவன் அபுதாபியில் ஆறு பேர் தங்கும் ரூமில் இருந்தான். அவள் திருச்சியில் தபால்காரருக்காகக் காத்திருந்தாள். ஃபேமிலி விசா கிடைத்து அவள் வந்து சேர்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொண்டிருந்த மனிதனை, இப்போதுதான் தினமும் காலையில் காபி கொடுத்து எழுப்புகிறாள். அதற்குள் பாலைவனமாம்!

'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதே ஆகாது என்று வளர்ந்தவள் அவள். தவிர, அன்று அவன் வந்து சொன்ன விதம் அப்படி. கையில் அரைக் கிலோ ஜாங்கிரி, முகமெல்லாம் பல். "சர்வேக்கு நான்தான் இன்சார்ஜ், ஷியாமு! மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார்!" அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அன்று இரவு அவளுக்குக் கன்னம் வலித்தது.

இப்போது, ஜன்னல் திரைக்கு அளவெடுக்கிற சாக்கில் இன்ச் டேப்போடு பட்டறைக்கு வந்திருந்தாள். கேரவனைச் சுற்றிக்கொண்டு மெதுவாகச் சதக்கத்துல்லாவின் பக்கம் போனாள்.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தங்கச்சி." கீழக்கரைக்காரர். ஐம்பது வயது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வந்த வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. வேலை செய்வதெல்லாம் அவருடைய ஃபிட்டர் மக்தூம்தான். அவர் இப்போது கேரவனுக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இந்த வேலை ஒரு வாரம் இழுத்தா நல்லா இருக்கும். டயர் வரலைன்னு சொல்லிடுங்களேன்."

சதக்கத்துல்லாவுக்குத் திடீரென்று புரையேறியது. பாட்டில் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். கேரவனுக்கு அடியில் ஸ்பானர் ஒன்று கீழே விழுந்தது.

"டயர் இந்தா கண்ணு முன்னால கெடக்கே தங்கச்சி! நான் பொய் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருசமா இந்த முசஃபாவுல பொய் சொல்லாமத்தான் டயர் விக்கிறேன்."

"அப்படின்னா..." ஷியாமளா உதட்டைக் கடித்தாள். "உண்மையாவே வேலை அதிகமா இருந்தா?"

"இருந்தா நாளாவும். அதுல என்ன பொய் இருக்கு?"

அவள் கண்கள் பட்டறையைச் சுற்றி ஓடின. மூலையில், யானைக்கால் மாதிரி பருத்த டயர்கள் அடுக்கப்பட்டிருந்தன.

"அது?"

"பதினஞ்சு இன்ச்சு. மணல் டயர். இந்த வண்டிக்குப் பதிமூணு இன்ச்சுதான். அதை மாட்டணும்னா ரிம் மாத்தணும். அந்த ரிம்முக்கு ஆறு போல்ட்டு. இந்த வண்டியில சக்கரம் மாட்டுற ஹப்புல நாலுதான் இருக்கு. அப்ப ஹப்பையும் மாத்தணும். அதுக்குத் துபாய்லேருந்து சாமான் வரணும்..."

அவர் சொல்லச் சொல்ல ஷியாமளாவின் காதில் நாதஸ்வரம் ஒலித்தது.

"பாய், பாலைவனத்துல சின்ன டயர் புதைஞ்சா என்ன ஆகும்?" என்று ஸ்ரீகாந்துக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

"புதைஞ்சா புதைஞ்சதுதான்."

ஜன்னலிலிருந்து ஸ்ரீகாந்தின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன, புதையுமா?"

"பெரிய டயரே போட்டுடலாங்க. உங்க பத்திரம் முக்கியம்."

ஸ்ரீகாந்த் ஒரே தாவலில் வெளியே குதித்தான். "பிரமாதமான ஐடியா! எத்தனை நாள் ஆகும் பாய்?"

"ஒரு வாரம் சார்."

"ஆகட்டுமே! செய்யறதைத் திருந்தச் செய்யணும். மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஒரு வாரம்! திரும்பி வரும்போது டாக்ஸியில் ஷியாமளா மனத்துக்குள் ஒரு பாட்டு முழுவதையும் பாடி முடித்தாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் மாலை வரைதான் நீடித்தது. ஸ்ரீகாந்த் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தான்.

"ஷியாமு, மேனேஜர் துள்ளிக் குதிக்கிறார்! ஏன் லேட்டுன்னு கேட்டார். மணல் டயர் போடறோம்னு சொன்னேன். 'அப்படியா! அப்போ கேம்ப்பை ஏன் தார் ரோட்டோரமா போடணும்? நாற்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் போடலாமே'ன்னுட்டார். ரெண்டு மாசம் இல்ல, மூணு மாசம்!"

"மூ... மூணா?"

"ஆமாம். முதல்ல வாராவாரம் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துடலாம்னு இருந்தது. இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒருதரம்தான் வர முடியும்." சொல்லிவிட்டு அவன் பெரிதாகச் சிரித்தான். "எவ்வளவு பெரிய பொறுப்பு பாரு!"

"எனக்கு... எனக்குப் பெருமையா இருக்குங்க" என்றாள் ஷியாமளா. சமையலறைக்குள் போய், வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஆனால் இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போன் செய்தாள். அபுதாபிக்குள் எவ்வளவு நேரம் பேசினாலும் பைசா கிடையாது. அந்த ஊரில் அவளுக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

"பாய், எப்படிப் போகுது?"

"சாமான் நேத்தே வந்துருச்சு தங்கச்சி. ஹப்பு, ரிம்மு எல்லாம் மாட்டியாச்சு. டயர் மட்டும் மேல தகட்டுல லேசா உரசுது. ஒரு விரக்கடை வெட்டி விட்டா சரியாயிடும். ஒரு மணி நேர வேலை."

"வெட்டறதா? கம்பெனி வண்டியை வெட்டலாமா பாய்? வெட்டாம வேற வழியே இல்லையா?"

மறுமுனையில் பெருமூச்சு. "இருக்கு. ஆக்ஸிலை, அதான் சக்கர அச்சை, கழட்டி ஸ்பிரிங்குக்கு அடியில மாத்திப் போட்டா வண்டி அரை அடி ஒசந்துரும். உரசாது."

"அதுக்கு எத்தனை நாள்?"

"ஒரு வாரம்..."

"அதையே பண்ணிடுங்க பாய்! ஆனா நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்."

"ஒருத்தர் நம்பிச் சொன்ன வார்த்தை அமானிதம் தங்கச்சி. களுத்தே போனாலும் இன்னொருத்தர் காதுக்குப் போவாது" என்றார் சதக்கத்துல்லா. பிறகு ஏனோ, "அல்லா, என்னைய எதுக்கு இப்படிச் சோதிக்கிறே!" என்று முணுமுணுத்துவிட்டுப் போனை வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் பட்டறைக்குப் போனபோது, வேலை இன்னும் முடியாவிட்டாலும், கேரவன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டுகிற பெண் போல நின்றது. ஸ்ரீகாந்த் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். உட்கார்ந்து பார்த்தான். படுத்துப் பார்த்தான். டயரைத் தட்டிப் பார்த்தான்.

"பாய், இந்த ரிம்முல கீறல் இருக்கே!"

"எங்க சார்?" சதக்கத்துல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "தூசி சார் இது."

"இல்ல, கீறல்தான். கீறல் இருந்தா துரு பிடிக்கும். வேற ரிம் வரவழைங்க. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை."

அந்த ஈடுபாட்டைப் பார்த்து ஷியாமளாவுக்கு மனம் கசிந்தது. எத்தனை ஆசை இந்த மனிதனுக்கு! பாலைவனத்தின் மேல் இவ்வளவு காதலா? போன பிறவியில் ஒட்டகமாக இருந்திருப்பானோ?

அன்று மதியம் அவள் கட்டி வந்திருந்த புளியோதரையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் கேரவனுக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். மேஜை மிகச் சின்னது, முழங்கால்கள் இடித்துக்கொண்டன. ஸ்ரீகாந்த் இரண்டாவது தடவை புளியோதரை கேட்டு வாங்கிக்கொண்டான்.

"ஷியாமு, அங்க எனக்கு யாரு இப்படிச் செஞ்சு தருவா?" என்றான் திடீரென்று.

அவள் கை அப்படியே நின்றது. அவன் உடனே வேகமாக, "ஆனா கேம்ப்ல கேரளாக் குக் இருக்கான். பரோட்டா பிரமாதமாப் போடுவானாம்!" என்று சிரித்தான்.

"அப்போ கவலையே இல்ல" என்று அவளும் சிரித்தாள். போயும் போயும் ஒரு பரோட்டாக்காரனிடம் தோற்கிறோமே என்று நெஞ்சு எரிந்தது.

வண்டியை உயர்த்தியதன் பலன் சனிக்கிழமையே வீடு தேடி வந்தது. "மேனேஜர்கிட்ட லேட்டுக்குக் காரணம் சொன்னேன். உயரமான வண்டின்னா மணல் மேட்டையே தாண்டிடலாமாம். சர்வேயை இன்னும் உள்ளே நீட்டிட்டார். நாலு மாசம்!"

ஷியாமளா கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "நாலு... நல்ல ராசியான எண்தான்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் போனும் கையுமாகவே இருந்தாள். வண்டி உயர்ந்ததால் இழுக்கிற கொக்கி ஜீப்புக்கு எட்டாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றதாம். கொக்கியைக் கீழே இறக்கி வெல்டு செய்தால் அரை நாளில் முடிந்துவிடுமாம். அரை நாளா? கூடாது!

"பாய், இவ்வளவு பெரிய வண்டியை ரெண்டே சக்கரம் தாங்குமா?"

"தாங்கும் தங்கச்சி."

"ஒருவேளை தாங்கலேன்னா?"

"தாங்..." சதக்கத்துல்லா நிறுத்தினார். "இன்னொரு ஆக்ஸில் போட்டு நாலு சக்கரமா ஆக்கச் சொல்றீங்க. அதானே?"

"நான் சொல்லல பாய். நீங்கதான் சொன்னீங்க!"

"என் வாயாலேயே வரவழைக்கிறீங்க. சரி, கொக்கியையும் சேத்துப் பத்து நாளாவும்."

பத்து நாள்! ஷியாமளா ரிசீவரை வைத்துவிட்டு ஹாலில் ஒரு சுற்று சுற்றி வந்தாள். அன்று மாலை ஸ்ரீகாந்துக்குப் பிடித்த அடை, அவியல், கூடவே ஒரு கிண்ணம் பாயசம்.

பாயசத்தைப் பாதி குடித்தபோது அவன் சொன்னான். "ஷியாமு, கேரவனுக்கு நாலு சக்கரம் வரப்போகுது."

"அப்படியா! யார் சொன்னா?"

"பாய்தான் சொன்னார். நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன், என்ன ஆச்சரியம்! மேனேஜர் கேட்டதும் குஷியாயிட்டார். நாலு சக்கரம்னா எடை தாங்கும். ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க், ஜெனரேட்டர், பெரிய ஃபிரிட்ஜ் எல்லாம் ஏத்தலாம். தண்ணிக்கும் சாமானுக்கும் ஊருக்கு ஓடி வரவே வேண்டாம்." அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஆறு மாசம். மாசத்துக்கு ஒருதரம் லீவு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வாழ்த்துகள்" என்றாள் ஷியாமளா.

"தேங்க்ஸ்" என்றான் ஸ்ரீகாந்த்.

மீதிப் பாயசத்தை இருவருமே குடிக்கவில்லை.

மறுவாரம் புதன்கிழமை, ஸ்ரீகாந்த் ஆபீஸில் இருந்த நேரத்தில், தைத்து முடித்த ஜன்னல் திரைகளையும் ஒரு டப்பா ரவா லட்டையும் எடுத்துக்கொண்டு ஷியாமளா தனியாக டாக்ஸி பிடித்து முசஃபாவுக்கு வந்தாள். நாளைக்கு வண்டி ரெடி என்று சதக்கத்துல்லா சொல்லிவிட்டார். வெள்ளியன்று மேனேஜரும் கம்பெனி முதலாளி அரபியும் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். சனிக்கிழமை புறப்பாடு.

கேரவன் நான்கு பருத்த டயர்களில், திருவிழாத் தேர் மாதிரி நிமிர்ந்து நின்றது. வாசல் அவள் மார்பு உயரத்தில் இருந்தது. ஏறுவதற்கு மக்தூம் மூன்று படி வைத்த மடக்கு ஏணி செய்திருந்தார். அதில் ஏறி நான்கு ஜன்னலிலும் திரையை மாட்டிவிட்டு இறங்கியவள், சதக்கத்துல்லா முன்னால் வந்து நின்று பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"என்ன தங்கச்சி இது! உக்காருங்க, உக்காருங்க. மக்தூமு, சுலைமானி டீ சொல்லுப்பா!"

"நான் ஒரு வாரம் தள்ளப் பார்த்தேன் பாய். ரெண்டு மாசம் ஆறு மாசமாயிடுச்சு!"

"நான்தான் பாக்குறேனே. நீங்க கூட்டச் சொல்ற ஒவ்வொரு சக்கரமும் சாரை இன்னும் தூரத்துக்குத்தான் கொண்டு போவுது. பேசாம அவர்கிட்ட போவாதீகன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? அவர் எவ்வளவு ஆசையா இருக்கார்! நான் தடையா நிக்கலாமா?"

சதக்கத்துல்லா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "அமானிதம்... அமானிதம்..." என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மக்தூமு, இந்த வண்டி எப்படி வெளிய போவும்?"

ஷியாமளாவும் அண்ணாந்து பார்த்தாள். பட்டறை வாசலுக்குக் குறுக்கே கனமான ஓர் இரும்புச் சட்டம். கேரவனின் கூரை அதைவிட நான்கு விரற்கடை உயரம்.

"உள்ள வரயில குட்டையால்ல வந்துச்சு!" என்றார் சதக்கத்துல்லா பரிதாபமாக.

ஷியாமளாவின் கண்ணீர் நின்றது. "பாய், சட்டத்தை வெட்டினா...?"

"கூரையே தலையில விழுந்துரும். கட்டடக்காரன் முனிசிபாலிட்டி பர்மிட் இல்லாம தொட மாட்டான். அதுக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம்..."

சுலைமானி அன்று அமிர்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. பட்டறை வாசலில் எல்லோரும் கூடி நின்றார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீகாந்த் சட்டத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்து, "சே! இப்படி ஆயிடுச்சே சார்! வேற வழியே இல்லையே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஷியாமளா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கவலையாக இருப்பது போல் நின்றாள்.

அப்போது, எல்லோரும் 'அர்பாப்' என்று கூப்பிடும் முதலாளி தம்முடைய வெள்ளை ஜீப்பிலிருந்து இறங்கினார். வெள்ளை அங்கி, கையில் ஜெபமாலை, வாயில் அரபியும் உருதுவும் சரிபாதி. சட்டத்தைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். பாலைவனத்தில் பிறந்து மணலில் வண்டி ஓட்டி வளர்ந்த மனிதர்.

"க்யா முஷ்கில் ஹை? இதுல என்ன கஷ்டம்? காத்தை இறக்கு! கலாஸ், முடிஞ்சுது!"

மக்தூம் நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினார். புஸ்ஸ்ஸ்ஸென்று சத்தம் வரவர, ஷியாமளாவின் நெஞ்சிலிருந்தும் காற்று இறங்கிக்கொண்டே போயிற்று. கேரவன் மெல்ல மெல்லக் குனிந்து, சட்டத்துக்கு அடியில் தலையை நுழைத்து, வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போயிற்று. எல்லாம் போயிற்று. ஆறு மாதம்!

மக்தூம் மறுபடி காற்றை நிரப்பினார். வெயிலில், நான்கு கருத்த டயர்கள் மேல் கேரவன் பளபளவென்று எழுந்து நின்றது. முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறினார். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு முறை குதித்துப் பார்த்தார். கட்டிலை மடக்கினார்; சோபாவானது. கதவைத் திறந்தார், அலமாரி. ஷியாமளா தைத்த நீலப்பூத் திரையை விலக்கி ஜன்னலில் தலையை நீட்டினார். முகத்தில் குழந்தைச் சிரிப்பு.

"மாஷா அல்லா! இதுல எங்க வேணாலும் போகலாமா?"

"எந்த மணல்லேயும் போவும் அர்பாப்" என்றார் சதக்கத்துல்லா. பொய் சொல்லத் தெரியாதவர்.

"அப்போ இது சர்வேக்குக் கிடையாது. எனக்கு! இந்தக் குளிர்காலம் பூரா என் பசங்களைக் கூட்டிக்கிட்டு இதுலதான் பாலைவனம் போவேன். யல்லா, சீக்கிரம் என் ஜீப்புல கட்டுங்க!"

மேனேஜரின் வாய் திறந்தபடி நின்றது. "அர்பாப், சர்வே...?"

"கூடாரம் போடு! என் அப்பா கூடாரத்துலதான் பிறந்தார்!"

மேனேஜர் ஸ்ரீகாந்த் பக்கம் திரும்பினார். "கூடாரத்துல ஃபேமிலிக்காரனை அனுப்ப முடியாது. பேச்சிலர் எவனையாவது பார்த்துக்கறேன். நீ ஆபீஸ்லயே இரு. சாரி ஸ்ரீகாந்த், நீ இவ்வளவு ஆர்வமா இருந்தே."

"பரவாயில்லை சார்" என்றான் ஸ்ரீகாந்த். தலையைக் குனிந்துகொண்டான். முதலாளியின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கேரவனை இழுத்துச் செல்ல, மேனேஜரும் காரில் ஏறிப் போக, அவன் யாரையும் பார்க்காமல் பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். தோள்கள் குலுங்கின.

ஷியாமளாவுக்குத் துள்ளவும் தோன்றியது, அழவும் தோன்றியது. ஐயோ பாவம், குழந்தை மாதிரி அழுகிறானே! ஒரு மனிதனின் கனவையே அல்லவா அவள் டயர் டயராகக் கழற்றிப் போட்டுவிட்டாள்! அவனைத் தேற்றப் போவதற்கு முன் ஒரு காரியத்தை முடித்துவிட நினைத்தாள். இந்த விஷயம் அவன் காதுக்கு என்றைக்கும் போகக் கூடாது. சதக்கத்துல்லா சொல்ல மாட்டார், அமானிதம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவர் இன்னொருவர் இருக்கிறாரே!

காற்றடிக்கும் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மக்தூமிடம் போய், பையிலிருந்த ரவா லட்டு டப்பாவை நீட்டினாள்.

"மக்தூம் அண்ணே, இது உங்களுக்கு. நான் பாய்கிட்ட கேட்டதெல்லாம் உங்க காதுலயும் விழுந்திருக்கும். தயவுபண்ணி சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், போகணும்னு அவ்வளவு ஆசையா இருந்தார்."

மக்தூம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரு லட்டை எடுத்தார். டயர்க் குவியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என்ன கூத்து தங்கச்சி இது? 'வேலையை எப்படியாச்சும் இழுத்துக்கிட்டே போங்க, ஆனா வீட்டுல மட்டும் தெரியவே கூடாது, பாவம், நான் போறதுல அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்'னு மொத நாளு வண்டியைக் கொண்டாந்து விட்டப்பவே சாரும் எங்ககிட்ட இதையேதானே சொன்னாக!"